கேம் கன்சோல் ஒப்பீடு: அட்டவணையில் வராத கணக்குகள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக்கு எந்த கேம் கன்சோல் வாங்கலாம் என்று தங்கள் நாளிதழின் இணைப்பில் வந்த ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்தோம். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸுக்கு 12 டெராஃப்ளாப் (கணக்குப் போடும் வேகத்தின் அளவு), சோனியின் பிளேஸ்டேஷன் 5, அதாவது பி.எஸ்.5-க்கு 10.28, எக்ஸ்பாக்ஸின் சின்னப் பெட்டியான சீரிஸ் எஸ்ஸுக்கு 4 என்று எண்கள் வரிசையாக நின்றன. எண்களில் தவறு இல்லை. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு மதுரையில் ஒரு வீட்டுக்குப் பெட்டி எடுக்க முடியாது. டவுன்ஹால் ரோட்டில் நின்று "அண்ணே, எதுண்ணே நல்லது?" என்று கேட்கும் பையனிடமும், பின்னால் நிற்கும் அவன் அப்பாவிடமும் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை வேறு. வீட்டில் என்ன டிவி இருக்கிறது? பெட்டியை எங்கே வைப்பீர்கள்? நெட் எவ்வளவு வேகம்? கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்? இந்தச் சாதனங்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவர்கள் என்பதால் சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில் டிஸ்க். அட்டவணையில் 'டிஸ்க் டிரைவ்: உண்டு / இல்லை' என்று ஒரே வரியில் முடிந்துபோன விஷயம் இது. பணக் கணக்கில் இதுதான் பெரிது. பி.எஸ்.5 ஸ்லிம் 2024 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் போடும் மாடல் 54,990 ரூபாய், டிஜிட்டல் எடிஷன் 44,990 ரூபாய். பத்தாயிரம் மிச்சம் என்று டிஜிட்டலைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகம். சோனியின் சொந்த கேம்கள் பல 4,999 ரூபாய்க்கு வந்தவை. டிஸ்க்காக வாங்கினால் ஆடி முடித்ததும் விற்கலாம்; பாதி விலைக்குப் போனாலும் நாலு டிஸ்க்கில் அந்தப் பத்தாயிரம் கைக்கு வந்துவிடும். டிஜிட்டலில் வாங்கிய கேம் வாங்கியவரின் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். விற்கவும் முடியாது, பக்கத்துத் தெரு நண்பனோடு மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஸ்லிம் டிஜிட்டலுக்குப் பின்னால் தனியாக டிரைவ் வாங்கி மாட்டலாம். ஆனால் முதல் தடவை மாட்டும்போது பெட்டி இன்டர்நெட்டில் இருந்தால்தான் அது சேரும். சீரிஸ் எஸ்ஸில் அந்த வழியும் கிடையாது. இலவச கேமும் மாதச் சந்தா கேமும் மட்டும் ஆடுகிற வீடென்றால் டிஸ்க் இல்லாததால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

கையில் பழைய டிஸ்க்குகள் இருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பி.எஸ்.4 டிஸ்க் பி.எஸ்.5-ல் ஓடும். பி.எஸ்.3, பி.எஸ்.2 டிஸ்க்குகள் ஓடாது. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 காலத்து டிஸ்க்குகளிலும் பல ஓடும். டிஸ்க்கைச் சாவியாக வைத்துக்கொண்டு கேமை நெட்டிலிருந்து இறக்கிக்கொள்ளும். ஒரு சின்ன எச்சரிக்கை: சினிமா டிவிடி, புளூ-ரே எல்லாம் பி.எஸ்.5-ல் பார்க்கலாம், ஆனால் பாட்டு சி.டி. ஓடாது. அப்பாவின் பழைய பாட்டு சி.டி.க்களுக்கும் சேர்த்து என்று சொல்லி வாங்கித் தரச் சொல்லும் பிள்ளைகளை நம்பாதீர்கள்.

டிஸ்க் இல்லாத பெட்டி எடுத்தால் முழு பாரமும் நெட்டின் தலையில். இன்று பெரிய கேம் ஒன்று 100 ஜி.பி. என்பது சாதாரணம். 40 எம்.பி.பி.எஸ். இணைப்பில் அதை இறக்க ஐந்தரை மணி நேரம், 100 எம்.பி.பி.எஸ்.ஸில் இரண்டே கால் மணி நேரம். உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் செல்போன் டேட்டாவை ஹாட்ஸ்பாட் போட்டு ஓட்டுகிற வீட்டுக்கு சீரிஸ் எஸ் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பொருந்தாது. ஃபைபர் இருந்தால் வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் வயர் இழுத்துவிடுங்கள். பாதி 'சர்வர் பிரச்சினை' அதோடு போய்விடும்.

அடுத்தது டிவி. 4கே, 120 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு 120 தடவை படம் மாறுவது) என்று பெட்டியின் அட்டையில் போட்டிருப்பது டிவியிலும் அந்த வசதி இருந்தால்தான் வரும். கடைகளில் விற்கும் 43 இன்ச் 4கே டிவிக்களில் பெரும்பாலானவை 60 ஹெர்ட்ஸ்தான். 4கே-யிலேயே 120 வேண்டுமென்றால் எச்.டி.எம்.ஐ. 2.1 போர்ட்டும் 120 ஹெர்ட்ஸ் பேனலும் இரண்டும் வேண்டும். அந்த டிவிக்களிலும் எல்லா போர்ட்டும் 2.1 ஆக இருப்பதில்லை. ஒன்றோ இரண்டோதான் இருக்கும், போர்ட் பக்கத்திலேயே '4கே 120' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பெட்டியோடு வரும் வயரைத்தான் போட வேண்டும். வீட்டில் கிடக்கும் செட்டாப் பாக்ஸ் வயரைப் போட்டுவிட்டுப் படம் விட்டுவிட்டு வருகிறது என்று வருகிறவர்கள் நிறைய.

நல்ல டிவி, நல்ல வயர் எல்லாம் இருந்தும் எச்.டி.ஆர். (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் வசதி) வரவில்லை என்றால் டிவியின் செட்டிங்கைப் பாருங்கள். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்.ஜி.யில் 'எச்.டி.எம்.ஐ. அல்ட்ரா எச்.டி. டீப் கலர்', சோனியில் எச்.டி.எம்.ஐ. சிக்னல் ஃபார்மேட்டை 'என்ஹான்ஸ்டு' என்று மாற்றுவது. கன்சோல் மாட்டியிருக்கும் அந்த போர்ட்டுக்கு இதை ஆன் செய்ய வேண்டும். கூடவே 'கேம் மோடு'. அது இல்லாவிட்டால் பட்டனை அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிப்பான். 32 இன்ச் எச்.டி. ரெடி டிவிதான் இருக்கிறது, இப்போதைக்கு மாற்றப் போவதில்லை என்கிற வீட்டுக்கு சீரிஸ் எக்ஸுக்கும் எஸ்ஸுக்கும் உள்ள படத் தெளிவு வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எஸ் 1440பி, அதாவது முழு எச்.டி.க்கும் 4கே-வுக்கும் நடுவில் உள்ள தெளிவு அளவுக்காகச் செய்த பெட்டி, முழு எச்.டி. டிவிக்கே அது தாராளம்.

இனி வெயில். பி.எஸ்.5 இயங்க சோனி குறிப்பிடும் அறை வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயிலில் மதுரையில் வெளியே 40. மொட்டை மாடியில் ஷீட் போட்ட ரூமில் உள்ளே எவ்வளவு இருக்கும் என்று எழுத வேண்டியதில்லை. இதோடு பெட்டியைக் கண்ணாடிக் கதவு வைத்த டிவி ஷோகேஸுக்குள் திணித்துவிட்டால் அரை மணி நேரத்தில் 'சூடு அதிகம், அணைத்துவிட்டுக் காத்திருங்கள்' என்று திரையில் வந்துவிடும். பி.எஸ்.5 முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் தள்ளுகிறது. சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். சீரிஸ் எக்ஸ் அடியிலும் பின்னாலும் இழுத்து உச்சியில் ஒரே பெரிய விசிறியால் வெளியே தள்ளும். அதன் தலையில் செட்டாப் பாக்ஸையோ பூச்சாடியையோ வைப்பது மூக்கைப் பொத்துவது மாதிரி. சீரிஸ் எஸ்ஸின் மேல் இருக்கும் கறுப்பு வட்டம் அழகுக்கு வைத்ததல்ல, அதுதான் அனல் வெளியேறும் வாய்.

தூசிக்கு எங்கள் ஓட்டு பி.எஸ்.5-க்கு. வெளி மூடிகளைக் கையாலேயே கழற்றலாம் என்பதால். பவரை முழுக்க அணைத்து, வயரைப் பிடுங்கி, ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் படுக்கப் போடுங்கள். வெள்ளை மூடியின் மூலைகளைப் பிடித்து லேசாகத் தூக்கி நழுவவிட்டால் வந்துவிடும். பலவந்தமாக இழுத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கொக்கி உடையும். விசிறிக்குப் பக்கத்து ஓரத்தில் தூசி பிடிப்பதற்கென்றே இரண்டு துளைகள் உண்டு. வாக்குவம் கிளீனரின் குறுகிய முனையை அங்கே வையுங்கள். புளோயரால் ஊதுகிறவர்கள் ஒரு ஐஸ் குச்சியால் விசிறியைப் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். காற்றின் வேகத்தில் விசிறி தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் போய்விடும், பிறகு வாழ்நாள் முழுக்க ஒரு கிர்ர் சத்தம் கூடவே வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இது போதும். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் மாதம் ஒருமுறை: சாம்பிராணிப் புகையின் பிசுக்கில் தூசி ஒட்டிக் கம்பளி மாதிரி ஆகிவிடும், வாக்குவத்துக்கும் வராது. பவர் சப்ளையின் கதகதப்பைத் தேடிக் கரப்பானும் பல்லிக்குட்டியும் உள்ளே போகும். பாதிப் பழுதுகளுக்கு அவைதான் மூலம். பலகாரத் தட்டைப் பெட்டி பக்கத்தில் வைக்காமல் இருப்பதே மருந்து.

அதற்கு மேல் உள்ளே போக வேண்டாம். பி.எஸ்.5-ன் சிப்புக்கு மேல் சூடு கடத்தும் சாதாரண பேஸ்ட் கிடையாது, காலியம் கலந்த திரவ உலோகம். பழக்கமில்லாதவர் ஹீட்சிங்க்கை (சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாளம்) தூக்கினால் அது வழிந்து போர்டில் ஷார்ட் ஆகும். வழித்தெடுத்துவிட்டு லேப்டாப் பேஸ்ட் தடவித் தருகிறவர்களும் உண்டு. பத்து நாள் ஓடும், பிறகு கொதிக்கும். எக்ஸ்பாக்ஸில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தூசி தட்ட அதைத் திருகு கழற்றிப் பிரிக்க வேண்டும். யாரிடம் கொடுத்தாலும் திரவ உலோகம் என்றால் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

மழைக்காலத்தில் வரும் பழுதுகளில் முன்னால் நிற்பது எச்.டி.எம்.ஐ. 'லைட் எரியுது, சத்தம் வருது, படம் மட்டும் வரல.' காரணம் எளிது. டிவி, செட்டாப் பாக்ஸ், கன்சோல் மூன்றும் பெரும்பாலும் இரண்டு முள் வயர், எர்த் இல்லை. ஒவ்வொன்றின் உடம்பிலும் கொஞ்சம் மின்னழுத்தம் மிதந்துகொண்டிருக்கும் (டிவியின் பின்னால் கை பட்டால் சுரீரென்று வருகிறதே, அதுதான்). எல்லாம் ஆனில் இருக்கும்போது எச்.டி.எம்.ஐ. வயரைச் சொருகினால் அந்த வித்தியாசம் வயரின் முனை வழியாகப் பாய்ந்து உள்ளே இருக்கும் சின்ன ஐ.சி.யைத் தீர்த்துவிடும். எனவே எல்லாவற்றையும் சுவிட்ச் போர்டிலேயே அணைத்து, எச்.டி.எம்.ஐ.யை முதலில் மாட்டி, பவரைக் கடைசியில் போடுங்கள். இடி இடித்தால் பவர் வயரோடு டிஷ் கேபிளையும் பிடுங்க வேண்டும். அதன் வழியாகவும் வரும்.

கரண்ட் போவதில் கெடுவது பெட்டியைவிட அதில் இருக்கும் சேமிப்பு. பி.எஸ்.5-ல் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் அது அணையவில்லை, ரெஸ்ட் மோடில் பின்னால் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கலாம். அப்போது கரண்ட் போனால் அடுத்த தடவை 'சரியாக அணைக்கவில்லை' என்று திட்டும், யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் அதைச் சரிபார்க்க நேரமெடுக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாள் என்று தெரிந்தால் முந்தைய இரவே முழுசாக அணைத்துவிடுங்கள். மெனுவே தடுமாறினால் அணைத்த பெட்டியின் பவர் பட்டனை இரண்டாவது பீப் வரும்வரை, சுமார் 7 விநாடி அழுத்துங்கள். கன்ட்ரோலரை வயரில் மாட்டி, அப்போது வரும் சேஃப் மோடு மெனுவில் 'ரீபில்ட் டேட்டாபேஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து டேட்டாபேஸை மறுபடி கட்டலாம், கேம்கள் அழியாது. 'ரீசெட்' என்று தொடங்கும் வரிகளின் பக்கம் விரல் போகக் கூடாது, எல்லாம் துடைத்துவிடும்.

இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றால், சைன் வேவ் ஆக இருந்தால் ஓட்டலாம். பின்னால் இருக்கும் பொத்தானை 'ஈகோ'விலிருந்து 'யு.பி.எஸ்.'ஸுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மாறும் அந்தக் கணத்தில் பெட்டி அணைந்து எழும். பி.எஸ்.5, சீரிஸ் எக்ஸ் இரண்டும் பெரிய கேம் ஆடும்போது 200 வாட் அளவில் இழுக்கும். சீரிஸ் எஸ் 100 வாட்டுக்குள், நின்டென்டோ கம்பெனியின் பழைய ஸ்விட்ச் கன்சோல் 20 வாட்டுக்குள் முடித்துவிடும். டிவியோடு சேர்த்து 300 வாட் என்று வைத்து தினம் 3 மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் இது வரம்பைத் தாண்ட வைக்கும்.

சேமிப்பு இடத்தில் அட்டையில் போட்ட எண்ணும் கைக்கு வருவதும் வேறு. முதல் பி.எஸ்.5-ன் 825 ஜி.பி.யில் கேமுக்கு 667. சீரிஸ் எக்ஸின் 1 டி.பி.யில் 802. சீரிஸ் எஸ்ஸின் 512-ல் 364, அதாவது பெரிய கேம் மூன்று வைத்தால் நிறைந்தது. யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க் மாட்டினாலும் புதிய தலைமுறை கேம்களை அதில் வைத்துக்கொள்ளத்தான் முடியும், அதிலிருந்து ஆட முடியாது. இது இரண்டு கம்பெனிக்கும் பொது. எக்ஸ்பாக்ஸுக்கு என்று தனிக் கார்டு உண்டு: பின்னால் சொருகினால் முடிந்தது, விலைதான் கடிக்கும். பி.எஸ்.5-ல் சந்தையில் கிடைக்கும் எம்.2 எஸ்.எஸ்.டி.யையே (உள்ளே சொருகும் மெல்லிய சேமிப்புப் பலகை) போடலாம். ஆனால் அது ஜென் 4 என்.வி.எம்.இ. ஆக இருக்க வேண்டும், வேகம் விநாடிக்கு 5,500 எம்.பி.க்குக் குறையாமல் இருப்பது நல்லது, ஹீட்சிங்க் கட்டாயம், எல்லாம் சேர்த்து உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், வேகம் குறைந்த பழைய வகைகளான சாட்டா எம்.2-வையும் ஜென் 3-ஐயும் வாங்கி வந்துவிட்டு 'எடுக்க மாட்டேங்குது' என்பார்கள், எடுக்காது. ஸ்லாட் மூடியின் ஒற்றைத் திருகுக்கு 1-ஆம் நம்பர் ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர். வேறு அளவு போட்டால் தலை வழுக்கிவிடும், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் குட்டி வளையத்தை எஸ்.எஸ்.டி.யின் நீளத்துக்கு ஏற்ற துளைக்கு, பெரும்பாலும் 80-க்கு, மாற்றி வைத்துவிட்டுச் சாய்வாகச் சொருகிப் படியவைத்துத் திருகுங்கள்.

கன்ட்ரோலரில் மூன்று கம்பெனிக்கும் ஒரே சீக்கு: கை வைக்காமலே ஆள் ஒரு பக்கமாக நடக்கிற 'டிரிஃப்ட்'. ஸ்டிக்குக்கு அடியில் உரசும் கார்பன் தடம் தேய்வதால் வருவது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம் நிற்கும். நிரந்தரமாக என்றால் ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும். பி.எஸ்.5, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் 14 கால்களின் ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை வைத்து, பிறகு ஸ்டிக்கின் நடுநிலையைக் கேலிப்ரேட் செய்ய வேண்டும். காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் மாட்யூல் போட்டால் இந்தத் தேய்மானம் கிடையாது. வந்த பெட்டியிலேயே அது இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், ஸ்விட்ச் 2-விலும் இல்லை. அண்ணன் தம்பி இருவர் ஆடும் வீட்டுக்கு எக்ஸ்பாக்ஸில் ஒரு லாபம்: பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் புதிய கேமுக்கும் செல்லும். பி.எஸ்.4 கன்ட்ரோலர் பி.எஸ்.5 கேமுக்குச் செல்லாது. எக்ஸ்பாக்ஸில் சாதாரண ஏ.ஏ. பேட்டரி இரண்டு என்பதைக் குறை சொல்வார்கள். ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி செத்துப்போகும் கன்ட்ரோலரைவிட அது மேல் என்போம்.

துபாயிலிருந்து மாமா கொண்டு வரும் பெட்டிக்கு வருவோம். 100 முதல் 240 வோல்ட் வரை எடுக்கும் என்பதால் மின்சாரத்தில் சிக்கல் இல்லை. சதுர முள் பிளக்குக்கு கன்வெர்ட்டர் வாங்காதீர்கள், நம்மூர் முள் வைத்த எட்டு வடிவ வயர் ஒன்று வாங்கினால் போதும். பழைய டேப் ரெக்கார்டருக்கு வருமே, அதே வடிவம். கேம் டிஸ்க்குக்கு நாட்டுக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் துபாய் டிஸ்க்குக்கு இந்தியக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதிகள் சில நேரம் சேராமல் போகலாம். புளூ-ரே சினிமாவுக்குக் கட்டுப்பாடு உண்டு: நமக்கு சி, துபாய்க்கு பி, சிங்கப்பூருக்கு ஏ. வாரன்டி வாங்கிய நாட்டில்தான்.

நின்டென்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, ஆகவே மதுரையில் கிடைக்கும் ஸ்விட்ச் எல்லாமே வெளிநாட்டுச் சரக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பெட்டி இல்லை என்பது எங்கள் எண்ணம். முதல் ஸ்விட்ச்சின் கேசட்டைக் குழந்தை வாயில் வைத்தால் துப்ப வேண்டும் என்றே அதில் கசப்பு பூசியிருக்கிறார்கள். வாங்கும்போது நான்கைப் பாருங்கள். ஸ்விட்ச் லைட் டிவியில் மாட்டவே முடியாது. ஸ்விட்ச் 2-வில் ஜப்பான் மொழிப் பெட்டி என்று விலை குறைந்த ஒன்று உண்டு. மெனு ஜப்பானிய மொழியில் மட்டும், கணக்கும் ஜப்பான் கணக்காக இருக்க வேண்டும். இடம் போதாமல் கார்டில் ஸ்விட்ச் 2 கேமை வைக்க மைக்ரோ எஸ்.டி. எக்ஸ்பிரஸ் கார்டு வேண்டும், போனில் போடும் கார்டு ஆகாது. சில ஸ்விட்ச் 2 கேசட்டுகளில் கேமே கிடையாது, டவுன்லோட் செய்யும் சாவி மட்டும்தான். அட்டையின் முன்பக்கக் கீழ்ப்பகுதியில் அதை எழுதியிருப்பார்கள்.

பழையது வாங்குகிறவர்கள் விற்பவரின் கண் முன்னாலேயே நெட்டில் இணைத்துப் பார்க்க வேண்டும். கம்பெனி தன் நெட் சேவையில் தடை செய்த பெட்டி ஆஃப்லைனில் நன்றாகத்தான் ஓடும். டிஸ்க்கை நாலு தடவை போட்டு எடுங்கள். பெரிய கேம் ஒன்றை அரை மணி நேரம் ஓட்டிப் பின்பக்கக் காற்றில் கை வையுங்கள்: சூடாக வந்தால் நல்லது, அனல் வெளியேறுகிறது, விசிறி அலறியும் காற்று வரவில்லை என்றால் உள்ளே அடைத்திருக்கிறது. பழையவரின் கணக்கை நீக்கும் முன், செட்டிங்கில் 'கன்சோல் ஷேரிங்'கை அவரையே அணைக்கச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வீடியோ கேம் சாதனங்கள் பழுதுபார்ப்போர்,
மதுரை - 1